ஒன்பது கோல், ஒரு காயக்கட்டு: ஒரு டாரோ சீட்டின் கதை

ஒரு ஆள் நிற்கிறான். தலையைச் சுற்றி ஒரு கட்டு. இரண்டு கையாலும் ஒரு நீளமான கோலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் லேசாகச் சாய்ந்திருக்கிறான். கண் நம்மைப் பார்க்கவில்லை. ஓரமாக எங்கேயோ பார்க்கிறது. பின்னால் எட்டுக் கோல்கள் வேலி மாதிரி ஊன்றி நிற்கின்றன. அவற்றில் அங்கங்கே இலை துளிர்த்திருக்கிறது. எதிரி யாரும் படத்தில் இல்லை. இனிமேல்தான் வரப்போகிறானா, வந்து அடித்துவிட்டுப் போய்விட்டானா? படம் அதைச் சொல்வதில்லை.

டாரோ சீட்டுக்கட்டில் இதை ஆங்கிலத்தில் ‘நைன் ஆஃப் வாண்ட்ஸ்’ என்பார்கள். நான் ‘ஒன்பது கோல்’ என்றே சொல்கிறேன். இன்றைக்கு எந்த டாரோ கையேட்டைப் புரட்டினாலும் இந்தச் சீட்டுக்கு நேராக ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல் வந்து நிற்கும். அடிபட்டும் விழாமல் நிற்பது, கடைசி மூச்சுவரை விடாமல் இருப்பது, இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார்ப்பது என்றெல்லாம் விளக்கம் கொடுப்பார்கள்.

எனக்கு ஜோசியத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. சீட்டு எதிர்காலத்தைச் சொல்லுமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வியும் இல்லை. என் கேள்வி வேறு. இந்த அர்த்தம் இந்தச் சீட்டுக்கு எப்போது வந்தது? யார் கொண்டுவந்தது? தேடிப் போனால் விடை சுவாரசியமாக இருக்கிறது. பல கைகள் மாறி வந்த சீட்டு இது. ஒவ்வொரு கையும் ஒரு அர்த்தத்தை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் இன்றைக்கு எல்லாரும் வாசிக்கும் அர்த்தத்தை ஏற்றியவருக்கு, சீட்டின் பெயரிலும் வருமானத்திலும் பங்கே கிடைக்கவில்லை. அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

போலோ மட்டை

முதலில் இந்தக் ‘கோல்’ என்ன என்று பார்த்துவிடலாம். மந்திரக்கோல் என்று நினைத்தால், அது பிற்காலத்துக் கற்பனை.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது 14ஆம் நூற்றாண்டில். இஸ்லாமிய உலகத்திலிருந்து, குறிப்பாக மம்லூக்குகள் ஆண்ட எகிப்துப் பக்கமிருந்து வந்தது என்பதுதான் இன்றைய வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. இதற்கு நல்ல சான்று இருக்கிறது. இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் கையால் வரைந்த ஒரு மம்லூக் சீட்டுக்கட்டு இருப்பதை எல். ஏ. மேயர் என்ற அறிஞர் 1930களில் வெளியே கொண்டுவந்தார். அதில் நான்கு வகைகள்: கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை.

ஆமாம், போலோ மட்டை. குதிரைமேல் உட்கார்ந்து பந்தடிக்கும் மட்டை. அந்த விளையாட்டு அன்றைய ஐரோப்பாவுக்குப் பழக்கமில்லை. சீட்டைப் பார்த்து வரைந்த இத்தாலியக்காரர்களுக்கு இது ஏதோ ஒரு கம்பு, அவ்வளவுதான். அதனால் அதை அதிகாரிகள் கையில் வைத்திருக்கும் கோல் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பெயின்காரர்கள் அதையே முரட்டுத் தடியாக வரைந்தார்கள்.

இதன் எச்சம் நம்ம வீட்டு ரம்மிக் கட்டிலும் உண்டு. நாம் ‘கிளாவர்’ என்று சொல்லும் சீட்டில் இருப்பது மூன்று இதழ் இலை. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘கிளப்ஸ்’, அதாவது தடி. பிரெஞ்சுப் படத்தை எடுத்துக்கொண்ட இங்கிலாந்து, பழைய ஸ்பானியப் பெயரை விடவில்லை. இலையைப் பார்த்துத் தடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டாரோ என்பது இதற்கு அப்புறம் வந்தது. 1440களில் வட இத்தாலியில், சாதாரணச் சீட்டுக்கட்டோடு படம் போட்ட 22 தனிச் சீட்டுகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டத்தை உருவாக்கினார்கள். அந்த 22இல் பெரும்பாலானவை துருப்புச் சீட்டுகள். மற்ற 56 சீட்டுகளும் வழக்கம்போல நான்கு வகைகள். மொத்தம் 78. பிரபுக்கள் தங்க முலாம் பூசிய கட்டுகளை வரைவித்து வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மரஅச்சில் அடித்ததை வாங்கினார்கள். எல்லாம் சீட்டாடத்தான். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு டாரோ என்பது முதலில் ஒரு சீட்டாட்டம். பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் ஒரு கனமான புத்தகமே எழுதி இதை நிறுவினார்.

அந்தக் காலத்தில் ‘ஒன்பது கோல்’ எப்படி இருந்தது? ஆளே கிடையாது. ஒன்பது கோல் மட்டும்தான். பிரான்சில் புழங்கிய மார்செய் வகைக் கட்டில், எட்டுக் கோல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். ஒன்பதாவது கோல் நடுவே நேராக நிற்கும். அதற்கு அர்த்தம் எட்டைவிடப் பெரியது, பத்தைவிடச் சின்னது என்பது மட்டும்தான். நம்ம கட்டில் ‘கிளாவர் ஒன்பது’க்கு என்ன தத்துவம் இருக்கிறதோ அதேதான்.

தாமதம்

1781இல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்பவர் தன்னுடைய பெரிய நூல்தொகுதியின் எட்டாம் பகுதியில் ஒரு குண்டைப் போட்டார். டாரோ என்பது பழைய எகிப்துப் பூசாரிகளின் ஞானநூல். அழிந்துவிடாமல் இருக்க அதைச் சீட்டாட்டமாக மாற்றி ஒளித்துவைத்தார்கள் என்றார். சான்று ஒன்றும் இல்லை. எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போல்லியன் வாசித்துக் காட்டியதே 1822இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்னால் எகிப்து என்றால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற நிலை.

அந்தக் கதையைத் தொழிலாக மாற்றியவர் ஜான் பாப்டிஸ்ட் அல்லியெட். தன் குடும்பப்பெயரைத் தலைகீழாக எழுதி ‘எட்டெய்லா’ என்று வைத்துக்கொண்டவர். 1785இல் டாரோவை வைத்துக் குறி சொல்லும் முறை பற்றிப் புத்தகம் போட்டார். பிறகு குறி சொல்வதற்கென்றே ஒரு கட்டையும் கொண்டுவந்தார். அதில் சீட்டின் மேலேயும் கீழேயும் அர்த்தத்தை வார்த்தையாகவே அச்சடித்திருந்தார்கள். சீட்டு நேராக விழுந்தால் ஒரு பலன், தலைகீழாக விழுந்தால் இன்னொன்று.

ஒன்பது கோலுக்கு எட்டெய்லா கொடுத்த அர்த்தம் ‘தாமதம்’. தலைகீழாக விழுந்தால் ‘தடைகள்’.

இதில் வீரமும் இல்லை, காயமும் இல்லை. கடிதம் வரத் தாமதமாகும், கல்யாணம் தள்ளிப்போகும், வழக்கு வாய்தா வாங்கும். அவ்வளவுதான். ஆனால் இந்தத் ‘தாமத’த்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

வலிமை

அடுத்த கை லண்டனில். 1888இல் ‘கோல்டன் டான்’ என்ற ரகசியச் சங்கம் ஆரம்பித்தது. கபாலா, ஜோதிடம், ரசவாதம், டாரோ எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 78 சீட்டுக்கும் ஆளுக்கொரு இடம் ஒதுக்கினார்கள். ஒன்பது கோல், தனுசு ராசியில் சந்திரன் என்றானது. அதற்கு ‘பெரும் வலிமையின் அதிபதி’ என்ற பொருளில் ஒரு பட்டமும் கிடைத்தது.

பாரிஸில் தாமதம், லண்டனில் வலிமை. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. படமும் இன்னும் வரவில்லை.

ஸ்மித்

பமீலா கோல்மன் ஸ்மித் 1878 பிப்ரவரி 16இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். சிறு வயதில் மான்செஸ்டர். பிறகு அப்பாவின் வேலை காரணமாக ஜமைக்கா. 15 வயதில் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பிராட் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 18 வயதில் அம்மா போனார், 21 வயதில் அப்பா போனார்.

அப்பா இறந்த அதே 1899இல் ‘அனான்சி ஸ்டோரீஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஜமைக்காவில் கேட்ட கதைகளை அந்த ஊர்ப் பேச்சுமொழியிலேயே எழுதி, படமும் தானே வரைந்தது. அனான்சி என்பது ஒரு சிலந்தி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் தங்களோடு எடுத்துப்போன கதைப் பாத்திரம். புலி மாதிரி பலசாலிகள் நடுவே, பலம் இல்லாத அந்தச் சிலந்தி புத்தியால் பிழைத்துக்கொள்ளும். சாட்டைக்குக் கீழே வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருந்த கதைகள் அவை. அடிபட்டவன் எப்படி நிற்கிறான் என்ற கேள்வி ஸ்மித்துக்கு டாரோ வழியாக வந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

லண்டனில் அவருக்கு நாடக உலகம் பழக்கமானது. நடிகை எலன் டெர்ரி, நடிகர் ஹென்றி இர்விங், அவர்களோடு லைசியம் நாடக அரங்கை நடத்திய பிராம் ஸ்டோக்கர் எல்லாரும் வேண்டியவர்கள். அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போயிருக்கிறார். மேடையில் ஒரு ஆள் பேசாமல் நிற்கும்போதே, முன்னால் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று பார்வையாளருக்குப் புரியவேண்டும். அந்தக் கலை ஸ்மித்துக்குக் கண்ணிலேயே பதிந்திருக்க வேண்டும். அவருடைய சீட்டுகள் பலவற்றைப் பார்த்தால் மேடையில் திரைக்கு முன்னால் நிற்கும் நடிகர்கள் மாதிரியே இருக்கும்.

1901இல் அவரும் கோல்டன் டானில் சேர்ந்தார். அங்கேதான் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் அறிமுகம். புதிதாக ஒரு டாரோக் கட்டு கொண்டுவர வேண்டும் என்ற திட்டம் வெய்ட்டுடையது. 1909இல் படம் வரையும் வேலையை ஸ்மித்திடம் கொடுத்தார். சில மாதங்களிலேயே முழுக் கட்டையும் வரைந்து முடித்தார். அந்த வருஷக் கடைசியில் லண்டனின் வில்லியம் ரைடர் கம்பெனி அதை வெளியிட்டது.

22 பெரிய சீட்டுகளுக்கு என்னென்ன வேண்டும் என்று வெய்ட் விவரமாகச் சொன்னார். மற்ற 56 சிறிய சீட்டுகளைப் பெரும்பாலும் ஸ்மித்தின் போக்குக்கே விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. காரணம் எளிது. பெரிய சீட்டுகளில்தான் ரகசிய ஞானம் இருக்கிறது என்று வெய்ட் நம்பினார். சிறியவை அவருக்கு வெறும் குறிசொல்லும் சமாச்சாரம்.

அப்படி விட்டதில்தான் விஷயமே நடந்தது. ஒன்பது கோலா? ஒன்பது கோலைப் போடு, முடிந்தது வேலை என்று ஸ்மித் விடவில்லை. 56 சீட்டுக்கும் காட்சி வரைந்தார். இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டு இறுதியில் இத்தாலியில் செதுக்கி அச்சடித்த ‘சோலா புஸ்கா’ என்ற கட்டு. அதில் சிறிய சீட்டுகளிலும் ஆட்கள் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. இதயத்தில் மூன்று வாள் குத்தியிருக்கும் சீட்டு மாதிரி சிலவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்மித் அதைப் பார்த்திருக்கிறார் என்பதில் சந்தேகமே வராது.

வெய்ட் சொல்லாதது

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

கட்டு வெளிவந்த பிறகு வெய்ட் அதற்கு ஒரு விளக்க நூல் எழுதினார். படங்களோடு அது 1911இல் ‘பிக்டோரியல் கீ டு த டாரோ’ என்ற பெயரில் வந்தது. ஒன்பது கோலைப் பற்றி அதில் இருப்பது சில வாக்கியங்கள்தான். சாரம் இது: ஆள் கோலின்மேல் சாய்ந்து, எதிரியை எதிர்பார்ப்பவன்போல நிற்கிறான், பின்னால் எட்டுக் கோல்கள் வேலிபோல இருக்கின்றன. பலன், எதிர்ப்பின் நடுவே வலிமை. தாக்கினால் துணிந்து எதிர்கொள்வான். ஆள் கட்டுமஸ்தானவன், எதிரிக்கு இவன் லேசுப்பட்டவன் இல்லை. கூடவே தாமதம், ஒத்திவைப்பு. தலைகீழாக விழுந்தால் தடை, துன்பம்.

வலிமை கோல்டன் டானிலிருந்து வந்தது. தாமதமும் தடையும் எட்டெய்லாவிடமிருந்து. பொதுவாக வெய்ட் செய்கிற வேலைதான் இது. முன்னால் இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் திரட்டி ஒரே பத்தியில் போட்டுவிடுவார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் குறிப்பில் தலையில் இருக்கும் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கோலைச் சொல்கிறார், வேலியைச் சொல்கிறார், முகபாவத்தைச் சொல்கிறார், உடம்புவாகைக்கூடச் சொல்கிறார். காயத்தைச் சொல்லவில்லை.

நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தை மட்டும் படித்தால் மனசில் வருபவன் ஒரு காவல் வீரன், திடகாத்திரமானவன், சண்டை இனிமேல்தான். படத்தை மட்டும் பார்த்தால் வருபவன் வேறு ஆள். இவன் சண்டையை ஏற்கெனவே பார்த்துவிட்டான். மண்டை உடைந்திருக்கிறது. யாரோ கட்டுப் போட்டிருக்கிறார்கள், அல்லது அவனே போட்டுக்கொண்டான். மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறான். இந்த ‘மறுபடியும்’ என்ற சொல் வெய்ட்டின் குறிப்பில் இல்லை. ஸ்மித்தின் கட்டில் இருக்கிறது.

வலிமையையும் தாமதத்தையும் ஒரே படத்தில் காட்டு என்று ஒரு ஓவியரிடம் சொன்னால் என்ன செய்வார்? வலிமை என்றால் ஓங்கிய கை. தாமதம் என்றால் உட்கார்ந்து காத்திருப்பவர். இரண்டும் ஒட்டாது. ஸ்மித் கண்டுபிடித்த வழி அந்தத் துணிக்கட்டு. காயம்பட்டவன் காத்திருக்கிறான் என்று வரைந்தவுடன், வலிமையும் தாமதமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று ஆகிவிட்டது. தமிழில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது: தாக்குப்பிடித்தல்.

சிங்கமும் பெண்ணும்

‘வலிமைக்கு என்றே டாரோவில் ஒரு பெரிய சீட்டு இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் இது?’ என்று டாரோ தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

‘ஸ்ட்ரெங்த்’ என்ற அந்தச் சீட்டு பழைய கிறித்தவ மரபின் நான்கு அடிப்படை நற்பண்புகளில் ஒன்றான மனவுறுதியைக் குறிப்பது. 15ஆம் நூற்றாண்டிலிருந்தே அது உண்டு. ஒரு கட்டில் தடியோடு சிங்கத்தை அடிக்கும் ஆண், இன்னொன்றில் சிங்கத்தோடு ஒரு பெண், வேறொன்றில் உடைந்த தூண் என்று பல வடிவங்கள். ஸ்மித் வரைந்ததில் வெள்ளை உடை போட்ட பெண், கோபமே இல்லாமல் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள். அழகான படம். ஆனால் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அந்த மனவுறுதியைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் செய்த ஒரு வாதம் எனக்குப் பிடிக்கும். வீரத்தில் இரண்டு பகுதி: பாய்ந்து தாக்குவது ஒன்று, தாங்கி நிற்பது இன்னொன்று. இரண்டில் தாங்கி நிற்பதே முதன்மையானது என்கிறார். மூன்று காரணம் சொல்கிறார். தாக்குபவன் தன்னைப் பலசாலி என்று நினைத்தே தாக்குகிறான். தாங்குபவன் தன்னைவிடப் பலசாலியைத் தாங்கவேண்டும். தாக்குபவனுக்கு ஆபத்து இனிமேல் வரப்போவது; தாங்குபவனுக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. தாக்குதல் ஒரு வேகத்தில் முடிந்துவிடும். தாங்குவதற்கு நீண்ட நேரம் வேண்டும்.

இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஒன்பது கோலைப் பாருங்கள். ஆபத்து வந்துவிட்டது என்பதற்குத் தலைக்காயம். நீண்ட நேரம் என்பதற்கு, சாய்ந்து நிற்கும் உடம்பு. ஸ்மித் அக்வினாஸைப் படித்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. மனவுறுதிக்கென்று இருக்கும் சீட்டைவிட, பேர் தெரியாத இந்தச் சின்னச் சீட்டு அந்த வாதத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல் வந்து சேர்ந்தது

‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல் வெய்ட்டின் குறிப்பில் கிடையாது. இருக்கவும் நியாயமில்லை. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்குத் திரும்பக் குதிப்பது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் அது பொறியாளர்கள் புழங்கிய சொல்: அழுத்தினால் உடையாமல் பழைய வடிவத்துக்கு வரும் மரம், இரும்பு. 1973இல் சி. எஸ். ஹோலிங் அதைக் காடு, ஏரி போன்ற சூழல் அமைப்புகளுக்குக் கொண்டுபோனார். கிட்டத்தட்ட அதே காலத்தில் உளவியலாளர்களும் அதைக் கையில் எடுத்தார்கள். ஸ்மித்தின் கட்டு அமெரிக்காவில் பெரிய அளவில் பரவியதும் 1970களிலிருந்துதான். புதுச் சொல்லும் பழைய படமும் ஒரே நேரத்தில் சந்தையில் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

தமிழில் இதற்கு ‘மீள்திறன்’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் படத்தில் இருப்பவன் எங்கேயும் மீண்டுவிடவில்லை. பழைய நிலைக்குத் திரும்பிவிட்டவனுக்குத் தலையில் கட்டு இருக்காது. அவன் இன்னும் நடுவில்தான் நிற்கிறான். அதனால்தான் எனக்கு இந்தச் சீட்டுக்குத் ‘தாக்குப்பிடித்தல்’ பொருத்தம் என்று படுகிறது. மீள்வது முடிவு. தாக்குப்பிடிப்பது இன்னும் நடந்துகொண்டிருப்பது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. இன்றைக்கு ஆபீஸ் பயிற்சி வகுப்பிலிருந்து தன்னம்பிக்கைப் புத்தகம்வரை ‘ரெசிலியன்ஸ் வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். கேட்டால் நல்ல புத்திமதி மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் உரசிப் பார்த்தால், ‘அடி விழும், நீதான் தாங்கிக்கொள்ள வேண்டும்’ என்ற தொனி பல இடங்களில் தெரியும். அடித்தது யார், ஏன் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. டாரோ கையேடுகளும் இந்தச் சீட்டை அப்படித்தான் வாசிக்கின்றன: ஒன்பது வந்துவிட்டது, இன்னும் ஒரே படி, விடாதே!

அந்த ஒரே படிக்கு அப்புறம் என்ன வருகிறது என்று கட்டிலேயே பார்க்கலாம். பத்துக் கோல் சீட்டில் ஒருவன் பத்துக் கோலையும் அள்ளிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நடக்கிறான். விடாமல் தாங்கிக்கொண்டே போனவனுக்குக் கிடைத்தது பாரம். ஏழுக் கோலில் மேட்டில் நின்று கோலை ஆயுதமாக வீசியவன், ஒன்பதில் அதையே ஊன்றுகோலாக்கிச் சாய்ந்தான். பத்தில் சுமைகூலி ஆகிவிட்டான். இதை ஒரு தொடர்கதையாக வாசிக்கலாம் என்றால், ‘இன்னும் கொஞ்சம் தாங்கு’ என்ற புத்திமதிக்கு ஸ்மித்தின் படங்கள் முழு ஆதரவு தருவதாகத் தெரியவில்லை.

உளவியல் ஆராய்ச்சியும் தனியாளின் மனஉறுதியை மட்டும் புகழவில்லை. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்களும் அவர்கள் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல இக்கட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தது. தாத்தா பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. சாய்ந்துகொள்ள ஒரு கோல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வரைந்தவருக்குக் கிடைத்தது

1909 நவம்பரில் ஸ்மித் நியூயார்க்கில் இருந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்டீக்லிட்ஸ் பெரிய புகைப்படக் கலைஞர். 1907இல் தன் ‘291’ கேலரியில் புகைப்படம் அல்லாத படைப்புகளை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோது, அவர் தேர்ந்தெடுத்தது ஸ்மித்தின் ஓவியங்களை. அந்தக் கடிதத்தில் டாரோ வேலையைப் பற்றி வருகிறது. மிகப் பெரிய வேலை, மிகக் குறைந்த காசு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரு தடவை கொடுத்த கூலியோடு சரி, ராயல்ட்டி கிடையாது. கட்டுக்குப் பெயர் ‘ரைடர்-வெய்ட்’. ரைடர் பதிப்பாளர், வெய்ட் எழுத்தாளர். வரைந்தவர் பெயர் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பின்னிய மூன்று எழுத்தாக மட்டும் இருக்கிறது. தேடினால்தான் தெரியும்.

1911இல் அவர் கத்தோலிக்கராக மாறினார். பிறகு உறவினர் ஒருவர் விட்டுப்போன பணத்தில் கார்ன்வாலின் லிசார்ட் முனையில் வீடு எடுத்து, பாதிரியார்கள் வந்து ஓய்வெடுக்கும் விடுதியாக நடத்தினார். வரைவதை விடவில்லை, ஆனால் படங்களுக்குச் சந்தை இல்லை. 1951 செப்டம்பர் 18இல் பியூட் என்ற கடலோர ஊரில் இறந்தார். விட்டுச்சென்ற பொருள்களைத் தன் தோழிக்கு எழுதிவைத்திருந்தார். கடனை அடைக்க அவை ஏலத்துக்குப் போயின.

அதற்கு இருபது வருஷம் கழித்துத்தான் கட்டு அமெரிக்காவில் விற்றுத் தீர ஆரம்பித்தது. இன்றைக்கு உலகத்தில் அதிகம் புழங்கும் டாரோக் கட்டு அதுதான். பின்னால் வந்த எத்தனையோ கட்டுகள் அவருடைய காட்சிகளையே திருப்பி வரைந்தவை. 2009இல் நூற்றாண்டு வந்தபோது அவர் பெயரையே முன்னால் போட்டு ஒரு நினைவுப் பதிப்பு வந்தது. ‘ரைடர்-வெய்ட்-ஸ்மித்’ என்று சேர்த்து எழுதும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது.

இதையெல்லாம் வைத்து, அந்தக் காயம்பட்ட ஆள் ஸ்மித்தேதான் என்று உருகுவது சுலபம். நான் அதற்குப் போகவில்லை. 1909இல் அவருக்கு 31 வயது, நண்பர்கள் நிறைய, பின்னால் வரப்போகும் கடன் எதுவும் தெரியாது. கூலிக்கு ஒத்துக்கொண்ட 78 படங்களில் ஒன்று இது. போலோ மட்டையாகக் கிளம்பி, தாமதமாகி, வலிமையாகி அவர் மேஜைக்கு வந்த ஒரு சாதாரண ஒன்பதாம் நம்பர். வேலையை முடித்தால் போதும் என்று எட்டும் ஒன்றும் ஒன்பது கோலை வரைந்து கொடுத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூலையில் ஒரு நெளிந்த கையெழுத்தும், நடுவில் கேட்காமலே போட்ட ஒரு கட்டும் இருக்கிறது. அடுத்த தடவை இந்தச் சீட்டை எங்கேயாவது பார்த்தால், பலனைக் கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் ஒரு நிமிஷம் பாருங்கள்.